கூனிப்பொடி வளர்க்கிறவன்

சந்தையில் கருவாட்டுக்காரர் படியில் அளந்து போடுகிற கூனிப்பொடியைப் பார்த்துப் பழகிய கண் என் அம்மாவுக்கு. முதன்முதலில் 20 செர்ரி இறாலைப் பையில் வாங்கிக்கொண்டு நான் வீட்டுக்குள் நுழைந்தபோது, பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, கூனிப்பொடிய யாராச்சும் கண்ணாடித் தொட்டியில உட்டு வளப்பாங்களா?" என்று கேட்டார். ஐந்தாம் நாள் அதில் ஒன்றுகூட உயிரோடு இல்லை. "கொழம்புக்காச்சும் ஆயிருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

எனக்குச் சோமனூர் பக்கம் 8 தறி, கூலி நெசவு. தறிக்குடோனுக்கும் வீட்டுக்கும் நடுவில் கணக்கு நோட்டு வைக்கிற சின்ன அறையில்தான் தொட்டி இருக்கிறது. மூன்று தடவை மொத்தமாகச் சாகடித்து, நான்காவது தடவை பிழைக்க வைத்தேன். மூன்று தடவையும் ஆர்வத்தில் நானே கையை விட்டுக் கெடுத்ததுதான் காரணம். அதனால் எதை எதைச் செய்யக்கூடாது என்பதும் இதில் நிறைய வரும்.

முதலில் எந்த இறால் என்பது. கடையில் ஷ்ரிம்ப் என்று கேட்டால் மூன்று நான்கு வகை காட்டுவார்கள். புதிதாக ஆரம்பிக்கிறவருக்கு நியோகாரிடினா என்கிற நன்னீர் இறால் சாதிதான். சிவப்பாக இருந்தால் செர்ரி என்பார்கள். மஞ்சளும் நீலமும் அதே சாதிதான், தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து நிறம் ஏற்றியவை. கிழக்குச் சீனா, தைவான் பக்கத்து ஓடைகளில் இருப்பது மண்ணோடு மண்ணாகத் தெரியும் பழுப்பு நிறம். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட கிரிஸ்டல் ரெட் 1990களில் ஜப்பானில் பிரித்தெடுத்த வகை. அழகுதான், ஆனால் அதற்கு மென்மையான, லேசாக அமிலமான தண்ணீரும் 24 டிகிரிக்குள் குளிர்ச்சியும் வேண்டும். ஊட்டிக்காரர்கள் வளர்க்கட்டும். அமானோ இறால் பாசி தின்பதில் கெட்டிக்காரன். செடித் தொட்டிக்குப் பேர்போன தகாஷி அமானோ 1980களில் அதைப் பிரபலப்படுத்தினார். முட்டையும் சுமக்கும். ஆனால் பொரிக்கிற குஞ்சுக்குக் கொஞ்ச நாள் உப்பு நீர் வேண்டும், வீட்டுத் தொட்டியில் அது தேறாது. செர்ரிக்கு அந்தத் தொல்லை இல்லை. முட்டையை விட்டு வரும்போதே அம்மாவை அச்சில் வார்த்ததுபோல 2 மில்லிமீட்டர் இறாலாகத்தான் வரும்.

தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். தண்ணீர் 45 லிட்டர் நிற்கும். இதைவிடச் சின்னது வேண்டாம். வெயிலில் சீக்கிரம் சூடேறும், தப்பு செய்தால் திருத்த நேரம் தராது. வடிகட்டி ஸ்பாஞ்ச் ஃபில்டர், அதை ஓட்ட ஒரு காற்று பம்ப். மோட்டார் வைத்து உறிஞ்சுகிற வடிகட்டி குஞ்சுகளை இழுத்துக்கொள்ளும். அந்தப் பஞ்சில் படிகிற வழுவழுப்பான படலம்தான் குஞ்சுகளுக்குச் சோறு, பாதி நேரம் அதில்தான் மேய்ந்துகொண்டிருக்கும். பம்ப் சத்தம் தொந்தரவு என்பார்கள். தறிச் சத்தத்தில் தூங்கி வளர்ந்தவனிடம் அதைச் சொன்னால் சிரிப்புத்தான் வரும்.

அடியில் கறுப்புப் பொடிக்கல் இரண்டு விரல் உயரம். தோட்டத்தில் கிடக்கிற கல்லைப் போட ஆசையாக இருந்தால் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து பாருங்கள். பொங்கினால் சுக்காங்கல், சுண்ணாம்பு இறங்கிக்கொண்டே இருக்கும். நம் பக்கத்துச் செம்மண்ணில் அது நிறையக் கிடக்கும். செடிக்கு ஜாவா மோஸ் ஒரு கைப்பிடி போதும். குளத்திலிருந்து பாசி அள்ளிக்கொண்டு வராதீர்கள், தும்பிப் புழு கூடவே வந்து குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும். கடையில் வாங்கிய செடியைக்கூடத் தனி வாளியில் பத்து நாள் போட்டு, இரண்டு நாளைக்கொரு தடவை தண்ணீர் மாற்றி, அப்புறம் உள்ளே விடுங்கள். செடி வளர்ப்பவர்கள் பூச்சிமருந்து அடித்திருந்தால் அது முதலில் இறாலைத்தான் கொல்லும். இறாலும் பூச்சியும் ஒரே வம்சத்தின் பங்காளிகள் என்பதை மறக்கவே கூடாது.

இப்போது என் முதல் சாவுக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை தொட்டி வைத்து, புதன்கிழமை இறால் விட்டேன். தண்ணீர் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது. அந்தத் தெளிவுதான் ஏமாற்றியது. இறாலின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா வரும். அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் விஷம், மூன்றாவது கொஞ்சம் இருந்தால் பாதகமில்லை. இந்த பாக்டீரியா பஞ்சிலும் கல்லிலும் குடியேற 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அந்த நாட்களில் தொட்டியில் ஒன்றும் இல்லாமல் ஃபில்டரை மட்டும் ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டுவர வேண்டும். அது அழுகி அம்மோனியா கொடுத்தால்தான் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. சொட்டு விட்டுப் பார்க்கும் கிட் வாங்கிக்கொள்ளுங்கள். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் ஏறி, இறங்கி, சுழியத்தில் ஒரு வாரம் நிற்க வேண்டும். நண்பர் யாரிடமாவது பழைய தொட்டி இருந்தால் அவருடைய ஸ்பாஞ்சைப் பிழிந்த அழுக்குத் தண்ணீரை வாங்கி ஊற்றுங்கள், காத்திருக்கும் நாட்களில் பாதி மிச்சம். வெறும் தொட்டி ஒரு மாதம் ஓடுவதைப் பார்த்து வீட்டில் கேலி பேசுவார்கள். என் மகள் அதற்குக் "காத்துத் தொட்டி" என்று பெயர் வைத்தாள்.

தண்ணீர்தான் இதில் பெரிய விஷயம். இந்தப் பக்கம் எல்லார் வீட்டிலும் இரண்டு தண்ணி. போரில் வருவது உப்புத்தண்ணி, பைப்பில் வருகிற ஆத்துத் தண்ணி நல்லதண்ணி. டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பின் அளவு, பார்க்கிற பேனா ஒன்று வாங்கினேன். என் உப்புத்தண்ணி 1200 காட்டியது. செர்ரி இறாலுக்கு 180 முதல் 250 இருந்தால் சுகம். கோயம்புத்தூரில் சிறுவாணி வருகிற வீட்டுக்காரர்களுக்கு இதற்கு நேர் எதிரான சிக்கல். குடிக்க அமிர்தம், ஆனால் இறால் ஓடு கட்டத் தேவையான கால்சியமும் மெக்னீசியமும் அதில் மிகக் குறைவு.

இரண்டுக்கும் மருந்து கலப்புதான். நான் செய்வது இது: ஆர்ஓ தண்ணீர் எட்டரை லிட்டர், உப்புத்தண்ணி ஒன்றரை லிட்டர். ஆர்ஓ 40, உப்புத்தண்ணி 1200 என்றால் கலந்தது 214 வரும். மழைக்காலத்தில் ஆர்ஓவுக்குப் பதில் மொட்டைமாடித் தண்ணீர். முதல் அரைமணி நேர மழையை ஓடவிட்டு, அப்புறம் பிடிப்பது. உங்கள் போர் 800 காட்டினால் கணக்கு மாறும், பேனாவை வைத்து நீங்களே போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஒன்று: பேனா எவ்வளவு கரைந்திருக்கிறது என்றுதான் சொல்லும், எது கரைந்திருக்கிறது என்று சொல்லாது. சாயப்பட்டறைக் கழிவு இறங்கிய நொய்யல் ஓரத்துக் கிணற்றுத் தண்ணீரும் எண் காட்டும், நல்ல பாறைக் கிணறும் எண் காட்டும். அதேபோல அடுக்குமாடி வீடுகளில் சாஃப்ட்னர் மெஷின் வழியாக வரும் தண்ணீரில் கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தை வைத்திருப்பார்கள். எண் அப்படியே இருக்கும், இறாலுக்கு வேண்டியது இருக்காது. அதனால் கடினத்தன்மையைத் தனியாகச் சொட்டுக் கிட்டில் பாருங்கள். அதை ஜிஎச் என்பார்கள், 6 முதல் 10 இருக்கலாம். அமிலமா காரமா என்று சொல்லும் பிஎச் ஏழுக்கு அக்கம்பக்கம் இருந்தால் அதைத் துரத்திக்கொண்டு அலைய வேண்டாம்.

பைப் தண்ணீரை நேராகப் பயன்படுத்துவதானால் குளோரின் போக ஒரு நாள் திறந்த வாளியில் காற்று விட்டு வையுங்கள். செப்புக் குடம், பித்தளைக் குண்டா எதிலும் வைக்காதீர்கள். நமக்கு நல்லது என்று செம்பில் ஊற்றி வைத்துக் குடிக்கிறோம், செம்பு இறாலுக்கு நஞ்சு. மீன் நோய்க்கு விற்கும் மருந்து பலவற்றிலும் செம்பு இருக்கும், அட்டையைப் படிக்காமல் ஊற்றக்கூடாது.

இரண்டாவது சாவு ஒரு நீல டிரம்மால் வந்தது. ஐப்பசி மழை நேரம், டெங்கு பயம். வீடு வீடாக வந்து தண்ணீர் டிரம்மில் கொசுப்புழு மருந்து ஊற்றிவிட்டுப் போவார்கள். அது அவர்கள் வேலை, ஊருக்கு நல்லதும்கூட. எனக்குத்தான் கேட்கத் தோன்றவில்லை. அதே டிரம்மிலிருந்து இரண்டு குடம் மோந்து தொட்டியில் ஊற்றினேன். சாயங்காலம் தறியில் பாவு நூல் பிணைக்க ஆள் வந்திருந்தார். அவர்தான் முதலில் பார்த்தார். "அண்ணா, உங்க பூச்சியெல்லாம் கூத்தாடுதுங்க" என்றார். மல்லாந்து, துள்ளி, சுழன்று, ராத்திரிக்குள் முடிந்தது. அதிலிருந்து இறாலுக்கான தண்ணீர் மூடி போட்ட தனி கேனில், வீட்டுக்குள். கொசுவர்த்தி, பிளக்கில் மாட்டும் கொசு மருந்து, கரப்பானுக்கு அடிக்கிற ஸ்பிரே ஒன்றும் அந்த அறையில் கிடையாது. அறைக் காற்றைத்தான் பம்ப் இழுத்து உள்ளே தள்ளுகிறது. நாய்க்கு உண்ணி மருந்து தடவிய கையோடும் தொட்டிப் பக்கம் போவதில்லை.

வாங்கும்போது பெரிதாய், கொழுத்ததாய்ப் பொறுக்காதீர்கள். இறாலின் ஆயுளே ஒன்றிலிருந்து இரண்டு வருஷம். பெரிசு என்றால் பாதி முடிந்தது என்று அர்த்தம். ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் இளசாக 15 வாங்குங்கள். அதில் ஆணும் பெண்ணும் தானாகவே இருக்கும். வீட்டுக்கு வந்ததும் பையை அப்படியே கவிழ்க்கக்கூடாது. ஒரு கிண்ணத்தில் பைத் தண்ணீரோடு ஊற்றி, தொட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறக்க வேண்டும். முதலில் தென்னைக்குப் போடும் சொட்டுநீர்க் குழாயை முடிச்சுப் போட்டுப் பார்த்தேன், ஓட்டம் அடங்கவில்லை. மெடிக்கலில் குளுக்கோஸ் ஏற்றுகிற குழாய் செட் வாங்குங்கள். அதிலிருக்கும் சின்னச் சக்கரத்தைத் திருகினால் நொடிக்கு இரண்டு சொட்டு வைக்கலாம். கிண்ணத் தண்ணீர் மூன்று மடங்கு ஆக ஒன்றரை மணி நேரம் ஆகும். அப்புறம் வலையில் எடுத்து இறாலை மட்டும் விடுங்கள். கடைத் தண்ணீர் செடிக்குப் போகட்டும். முதல் இரண்டு நாள் எல்லாம் ஒளிந்துகொண்டு வெளுத்துத் தெரியும். கம்பி விட்டுத் தேடாதீர்கள்.

தீனி விஷயத்தில் கஞ்சனாக இருங்கள். பாசி படிந்த தொட்டியில் 15 இறாலுக்கு முதல் மாதம் தீனியே தேவையில்லை. அப்புறம் ஒன்றுவிட்டு ஒரு நாள் இறால் மாத்திரையில் கால்வாசி, இரண்டு மணி நேரத்தில் மிஞ்சியதை எடுத்துவிடுங்கள். மிஞ்ச விட்டால் கண்ணாடியில் வெள்ளை நூல் மாதிரிப் புழு ஊரும், தண்ணீரும் கெடும். கல்யாணம், சீர் என்று ஒரு வாரம் ஊருக்குப் போனால் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போகவே வேண்டாம்.

இலைதான் இவற்றுக்கு விருந்து. காய்ந்து விழுந்த நாட்டு வாதாம் இலையைக் கழுவி ஒன்று போட்டால் மூன்று வாரம் மேயும். கீரை போட யோசிப்பேன், தோட்டத்தில் என்ன அடித்தார்கள் என்று தெரியாது. ஆனால் உடுமலை, கோபி பக்கம் சொந்தம் இருப்பவர்களுக்கு ஒரு யோகம் இருக்கிறது: பட்டுப்புழு வளர்க்கிறவர் வீட்டு மல்பெரி இலை. உலகம் முழுக்க இறால் வளர்ப்பவர்கள் மல்பெரி இலையைத் தேடி வாங்குகிறார்கள்; நமக்கு அது மாமன் வீட்டுத் தோட்டத்தில் நிற்கிறது. பட்டுப்புழுவும் மருந்து பட்டால் தாங்காது, அதனால் அவர்களே கண்ணும் கருத்துமாக இருப்பார்கள். இன்றைக்குப் புழுவுக்குப் போட்ட இலையா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். கொதிநீரில் ஒரு நிமிஷம் முக்கி எடுத்துப் போட்டால் அடியில் போய் நிற்கும். மறுநாள் காலை நரம்பு மட்டும் வலைபோலக் கிடக்கும்.

வெயில் நம் ஊரில் சும்மா விடாது. 22 முதல் 27 டிகிரி வரை செர்ரிக்கு நல்லது. சித்திரையில் ஓட்டுக்கூரை அறையில் என் தொட்டி 31 தொட்டது. சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் குறையும், முட்டையும் உதிரும். தொட்டி மூடியைக் கழற்றி, கொசுவலைத் துணி கட்டி, தண்ணீர் மட்டத்தில் காற்று படுமாறு சின்ன மின்விசிறி வைத்தால் 2, 3 டிகிரி இறங்கும். ஐஸ் பாட்டில் போட்டுப் பார்த்தேன். ஏறி இறங்குவதுதான் இறாலுக்கு அதிக ஆபத்து, விட்டுவிட்டேன். மாதாந்திர மின்தடை அன்றைக்குப் பேட்டரியில் ஓடும் பம்ப். தறி நிற்கும், இறால் நிற்கக்கூடாது.

விசிறிக் காற்றிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்றிலும் தண்ணீர் வேகமாக ஆவியாகும். என் மூன்றாவது தப்பு இங்கேதான். குறைந்த தண்ணீருக்குக் கலப்புத் தண்ணீரையே ஊற்றிவந்தேன். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான். உப்பு உள்ளேயே நின்றுவிடும். இரண்டு மாதத்தில் பேனா 480 காட்டியது. பதறிப்போய் ஒரே நாளில் பாதித் தண்ணீரை மாற்றினேன். இரண்டாம் நாள் ஒவ்வொன்றாகக் கழுத்துக்குக் கீழே வெள்ளை வளையம் தெரிந்தது. தண்ணீரின் தன்மை திடீரென மாறினால் நேரங்கெட்டு ஓடு உரிக்கப் பார்க்கும். பாதியில் வெடித்து மாட்டிக்கொண்டு சாகும். ஆகவே ஆவியான அளவுக்கு வெறும் ஆர்ஓ தண்ணீர். தண்ணீர் மாற்றுவது வாரம் பத்தில் ஒரு பங்கு, அதுவும் குளுக்கோஸ் குழாயில் மெதுவாக. எண் ஏறிப்போயிருந்தால் ஏறிய வேகத்திலேயே இறக்க வேண்டும்.

ஓடு உரிப்பது சாதாரணமாக நடப்பதுதான். கண்ணாடிபோல உள்ளே ஒன்றுமில்லாத கூடு கிடந்தால் அது சட்டை. செத்த இறால் வேகவைத்ததுபோல இளஞ்சிவப்பாக மங்கிக் கிடக்கும். சட்டையை எடுக்காதீர்கள், அவையே தின்று சுண்ணாம்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

இனி பெருக்கம். இதற்கு நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை என்பதை நம்புவதற்குத்தான் எனக்கு நாளானது. பெண் பெரிதாய், நிறம் அடர்த்தியாய், வயிறு அகன்று இருக்கும். ஆண் மெலிந்து வெளிறி இருக்கும். இரண்டரை, மூன்று மாதத்தில் பருவமான பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் மஞ்சளாகச் சேணம் போட்டதுபோல ஒரு திட்டு தெரியும். அது சினைப்பையில் விளைகிற முட்டை. அவள் சட்டை உரித்த அன்றைக்குத் தண்ணீரில் ஒரு வாசம் விடுவாள், ஆண்கள் எல்லாம் பைத்தியம் பிடித்ததுபோல் தொட்டி முழுக்க நீந்தும். விஷம் விழுந்துவிட்டதோ என்று நான் தண்ணீர் மாற்றப் போன நாள் உண்டு. வேண்டாம்ங்க. மறுநாள் பாருங்கள், வயிற்றுக்கு அடியில் 20, 30 முட்டை கொத்தாக ஒட்டியிருக்கும். நீச்சல் கால்களால் விசிறிக்கொண்டே இருப்பாள். தண்ணீர் சூட்டைப் பொறுத்து மூன்றிலிருந்து நான்கு வாரம். கடைசி நாட்களில் ஒவ்வொரு முட்டையிலும் இரண்டு கறுப்புப் புள்ளி, கண்.

முட்டைக்காரியைப் பிடித்துத் தனித் தொட்டியில் விடாதீர்கள், பயத்தில் முட்டையை உதறுவாள். தலைச்சன் ஈற்றில் சும்மாவே உதறுவதும் உண்டு. குஞ்சுகளை அம்மா தின்னாது. மீன் தின்னும், கப்பி கூட விட்டுவைக்காது. ஆகவே இறால் தொட்டியில் இறால் மட்டும். குஞ்சு பொரித்த நாளில் என் மகள் டார்ச் அடித்து 17 வரை எண்ணினாள். அம்மா பின்னால் நின்று பார்த்துவிட்டு, "கூனிப்பொடிக்கும் கூனிப்பொடியாட்ட இருக்குதேடா" என்றார்.

நிறங்களைக் கலக்காதீர்கள். சிவப்பையும் நீலத்தையும் சேர்த்து விட்டால் சில தலைமுறையில் பேரப்பிள்ளைகள் பழுப்பாகிப் பூர்வீகத்துக்கே போய்விடும். வெளிறியதை அவ்வப்போது பிரித்து வேறு தொட்டியில் விட்டுவந்தால் சிவப்பு அடர்த்தியாகும். அந்த வெளிறியதைப் பாவம் என்று வாய்க்காலிலோ குளத்திலோ விடக்கூடாது. வெளியூர் உயிர் இங்கே பெருகினால் உள்ளூர்ச் சிற்றுயிருக்குக் கேடு.

எட்டு மாதத்தில் 15 என்பது எண்ண முடியாத கூட்டம் ஆகும். கேட்கிறவர்களுக்குக் கொடுக்கும்போது முந்தின நாள் தீனி போடாதீர்கள். பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மிச்சம் காற்று, பிடித்துத் தொங்க ஒரு துண்டு மோஸ். பஸ்ஸில் நான்கைந்து மணி நேரம் தாராளமாகத் தாங்கும். போன மாதம் சகலை மகன் பல்லடத்திலிருந்து வண்டியில் வந்தான். 20 எண்ணிப் பையில் போட்டு ரப்பர் மாட்டுகிற நேரத்தில், "தொட்டி வெச்சு எத்தன நாளாச்சு தம்பி?" என்று கேட்டேன். "பதினோரு நாளுங்க பெரியப்பா, தண்ணி கண்ணாடியாட்ட இருக்குதுங்க" என்றான். ரப்பரைக் கழற்றி இறாலைத் திரும்பத் தொட்டியிலேயே விட்டேன். பழைய ஸ்பாஞ்சைப் பிழிந்த தண்ணீரை அதே பையில் ஊற்றிக் கொடுத்து அனுப்பினேன். முகம் வாடித்தான் போனான். அடுத்த மாசம் பத்தாம் தேதிக்கு மேல் வரச்சொல்லியிருக்கிறேன்.